எடை திரும்பியது, வலு திரும்பவில்லை

2024 ஆகஸ்ட் 7 அன்று காலை, பாரிஸ் ஒலிம்பிக்கின் மகளிர் 50 கிலோ மல்யுத்த இறுதிப் போட்டிக்கு முன்பாக வினேஷ் போகாட் தராசில் ஏறினார். 100 கிராம் கூடுதலாக இருந்தது. அன்று தொடங்கி நாடெங்கும் நடந்த விவாதத்தில் சதி பேசப்பட்டது, விதி பேசப்பட்டது, பயிற்சியாளர்களின் பொறுப்பு பேசப்பட்டது, அரசியலும் பேசப்பட்டது. அந்த 100 கிராம் எதனால் ஆனது என்று மட்டும் அதிகம் பேர் கேட்கவில்லை. உடலியங்கியல் படிப்பவர்களுக்கு இது எளிய கேள்வி. ஆனால் அதற்கான விடை நம் பொதுப்பேச்சுக்கு வந்து சேராததற்கு மொழியும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். மொழியியல் பயின்ற ஒருவர் உப்பைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் எழுதத் துணிவதற்கு இதுவே என்னிடமுள்ள நியாயம்.

நடந்ததை எண்களோடு நினைவுகூர்வோம். ஆகஸ்ட் 6 காலையில் வினேஷின் எடை 50 கிலோவுக்குள் இருந்தது. அன்றே மூன்று போட்டிகள். முதல் போட்டியில், அதுவரை பன்னாட்டு அரங்கில் தோற்றிராத ஜப்பானின் யுய் சுசாகியை வீழ்த்தினார். போட்டிகளுக்கு நடுவே உணவும் சிறிதளவு தண்ணீரும் உட்கொண்டார். உட்கொள்ளாமல் ஒரே நாளில் மூன்று முறை மோத எந்த உடலாலும் இயலாது. மாலையில் எடை பார்த்தபோது வரம்பைக் காட்டிலும் 2.7 கிலோ கூடியிருந்தது. இரவு முழுவதும் உணவும் நீரும் இன்றி உடற்பயிற்சி, நீராவி அறை, கடைசியில் தலைமுடியைக் கத்தரித்தல் வரை சென்றார்கள். இந்திய அணியின் தலைமை மருத்துவர் தின்ஷா பர்திவாலா பின்னர் இவற்றைப் பொதுவெளியில் விளக்கினார். காலையில் 100 கிராம் எஞ்சியது. தகுதிநீக்கத்துக்குப் பின் அவருக்கு நரம்பு வழியாகத் திரவம் ஏற்றவேண்டியிருந்தது. விளையாட்டுத் தீர்ப்பாயம் ஆகஸ்ட் 14 அன்று மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

ஒரே இரவில் ஏறத்தாழ 2.6 கிலோ போயிருக்கிறது. அது கொழுப்பாக இருந்திருக்க முடியுமா? ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கிலோகலோரி ஆற்றலைச் சேமித்து வைத்திருக்கிறது. 2.6 கிலோ கொழுப்பை எரிக்க 20,000 கிலோகலோரி செலவழிய வேண்டும். கடுமையாகப் பயிற்சி செய்யும் ஒரு விளையாட்டு வீராங்கனைக்கும் அது பல நாள் செலவு. ஆகவே அன்றிரவு போனதில் மிகப் பெரும்பகுதி நீர். முந்தைய நாள் பகலில் ஏறியதிலும் பெரும்பகுதி நீரும், வயிற்றில் இருந்த உணவும்தான். ஒரு பெண் பகலில் குடித்த தண்ணீரை இரவில் வியர்த்து வெளியேற்றப் பார்த்தாள். 100 கிராம், அதாவது அரைத் தம்ளர் நீர், வெளியேற மறுத்துவிட்டது. விதியின் மொழியில் இதற்குப் பெயர் 'எடை வரம்பு மீறல்'.

தமிழில் பள்ளி இயற்பியல் பாடம் 'நிறை', 'எடை' என்று இரண்டைப் பிரித்துக் கற்பிக்கிறது. உடலைப் பற்றிய பேச்சில் அந்தப் பிரிவினை பயன்படுவதில்லை. ஆனால் பேச்சுத் தமிழ் வேறொரு பிரிவினையை நெடுங்காலமாகச் செய்துவருகிறது. ஊரிலிருந்து வந்தவரைப் பார்த்து 'உடம்பு வைத்திருக்கிறாய்' என்கிறோம். அது தசையும் கொழுப்பும் கூடியதைச் சொல்வது. காலும் முகமும் உப்பியவரை யாரும் உடம்பு வைத்திருப்பதாகச் சொல்வதில்லை. 'நீர் கோத்திருக்கிறது' என்கிறார்கள். பல மாதங்களில் மெலிந்தவர் 'இளைத்தவர்'. இரண்டு நாள் பேதியில் கண் குழிந்துபோன குழந்தை 'வற்றிப்போன' குழந்தை. அதை இளைத்த குழந்தை என்று எந்தப் பாட்டியும் சொல்லமாட்டார். கூடுவதற்கு இரு வினைகள், குறைவதற்கு இரு வினைகள். எந்தப் பொருள் கூடியது, எந்தப் பொருள் குறைந்தது, எவ்வளவு வேகத்தில் என்பதெல்லாம் வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. தராசு இந்த நான்கையும் அறியாது. நம் ஆய்வுத் தமிழும் தராசைப் பின்பற்றி, நான்கையும் 'உடல் எடை அதிகரிப்பு', 'உடல் எடை குறைவு' என்னும் இரண்டே தொடர்களில் அடைத்துவிட்டது.

இதனால் என்ன கெட்டுவிடும் என்பதற்கு ஓர் ஆய்வையே எடுத்துக்காட்டாகத் தருகிறேன். எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம்ப்மன், எபிக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டது. பயிற்சி பெற்ற 16 மல்யுத்த வீரர்கள் முதலில் தங்கள் உடல் எடையில் 5 விழுக்காட்டை விரைவாகக் குறைத்தார்கள். பிறகு 16 மணி நேரம் மீட்சி. அந்த நேரத்தில் எல்லோருக்கும் வகுத்தளிக்கப்பட்ட உணவு. தண்ணீர் வேண்டிய மட்டும். எட்டுப் பேருக்கு உணவோடு சோடியம் சிட்ரேட் கொடுக்கப்பட்டது. அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 600 மில்லிகிராம். மற்ற எட்டுப் பேருக்குப் போலிமருந்து. மூன்று கட்டங்களில், அதாவது எடை குறைப்பதற்கு முன்பும், குறைத்த பின்பும், மீட்சிக்குப் பின்பும், கைகளாலும் தோள்களாலும் விட்டுவிட்டு முழுவேகத்தில் உழைக்கும் ஒரு சோதனை நடத்தப்பட்டது. மல்யுத்தப் போட்டியின் உழைப்பை ஒத்த சோதனை அது.

விரைவாக எடை குறைத்ததும் ஆற்றல் குறைந்தது. இரத்தத்தின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மாவின் அளவு எந்த அளவுக்குச் சுருங்கியதோ, அதனோடு இந்த ஆற்றல் இழப்பு தொடர்புடையதாக இருந்தது. மீட்சிக் காலத்தில் சிட்ரேட் பெற்றவர்களின் எடை மற்றவர்களைக் காட்டிலும் அதிகமாகத் திரும்பியது. பிளாஸ்மாவும் அதிகமாகத் திரும்பியது. இரத்தத்தின் காரத்தன்மையும் உயர்ந்தது. அவர்களிடம் எடை மீட்சி உடலில் தங்கிய நீரோடு நெருங்கிய தொடர்பு காட்டியது. போலிமருந்துக் குழுவில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. இவ்வளவு நடந்தும், மீட்சிக்குப் பிந்தைய ஆற்றல் சோதனையில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. மனநிலையிலும் வேறுபாடு இல்லை. எடையும் இரத்தமும் மேம்பட்டன. தோளின் வலுவுக்கு அந்த மேம்பாடு போய்ச்சேரவில்லை.

16 பேரை வைத்துச் செய்த ஆய்வு இறுதித் தீர்ப்பு ஆகாது. குழுவுக்கு எட்டுப் பேர் இருக்கும்போது சிறிய நன்மை கண்ணுக்குத் தப்பியிருக்கலாம். அதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: இந்த ஆய்வின் சுருக்கத்தை ஒரு மாணவர் தமிழில் எழுதும்போது 'சோடியம் சிட்ரேட் உடல் எடையை அதிகரிக்கும்' என்று ஒரு வரி எழுதினால் அது பிழையான மொழிபெயர்ப்பு அன்று, சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் அந்த வரி உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்ச் சேரும்போது, உடம்பு வைக்க விரும்பும் ஒல்லியான பையனுக்கு ஒரு மாவுப் பொட்டலத்தை விற்கும் விளம்பரமாகிவிடும். 'வற்றிய உடலில் சிட்ரேட் நீரைக் கூடுதலாகத் தங்கவைத்தது' என்று எழுதியிருந்தால் அந்த வணிகத்துக்கு இடமே இல்லை. இரண்டு வாக்கியங்களுக்கும் மூலம் ஒன்றே.

இந்த உப்பு நம் வீடுகளுக்கு அன்னியமானதும் அன்று. பேதிக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய சூத்திரப்படி ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், மொத்தம் 20.5 கிராம். தொடக்கத்தில் சிட்ரேட்டின் இடத்தில் சமையல் சோடாவாகிய சோடியம் பைகார்பனேட் இருந்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிக்க நாடுகளில் பைகார்பனேட்டும் குளுக்கோஸும் ஒன்றோடொன்று வினைபுரிந்து, பொடி கட்டிதட்டிப் பழுப்பேறியது. 1984-இல் சிட்ரேட் அந்த இடத்துக்கு வந்தது. சிட்ரேட் பொட்டலத்துக்குள் அமைதியாகக் கிடக்கும். உடலுக்குள் போன பின்னரே கல்லீரலில் பைகார்பனேட்டாக மாறும். ஒரு சிட்ரேட் மூலக்கூறுக்கு மூன்று பைகார்பனேட். பேதியில் காரத்தை இழந்து அமிலம் மிகுந்த இரத்தத்தை அது நேராக்குகிறது.

இதன் வரலாறு வங்காளத்தோடு பின்னியது. கொல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 1953-இலேயே காலரா நோயாளிகளுக்கு வாய்வழியாக உப்பு-குளுக்கோஸ் கரைசல் கொடுத்ததை லான்செட் இதழில் எழுதினார். 1960-இல் ராபர்ட் கிரேன், சிறுகுடலில் சோடியமும் குளுக்கோஸும் ஒன்றாகவே உள்ளே போகின்றன என்ற கருத்தை முன்வைத்தார். பேதியிலும் அந்த வாயில் மூடுவதில்லை. சோடியம் போகும்போது நீர் பின்தொடரும். 1968-இல் டாக்காவில் நாலினும் கேஷும் இதை மருத்துவமனையில் நிறுவினார்கள். 1971-இல் வங்கதேசப் போரின் அகதிகள் பொங்காவ் எல்லை முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருந்தபோது, நரம்பு வழித் திரவம் தீர்ந்துவிட்ட நிலையில், திலீப் மகலநபீஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி உறவினர் கையாலேயே குடிக்கவைத்தார். நூற்றுக்கு 30 வரை இருந்த இறப்பு 4-க்கும் கீழே வந்தது. 2022 அக்டோபரில் அவர் மறைந்தார். பத்ம விபூஷண் அதற்குப் பிறகு வந்தது.

பேதிச் சிகிச்சையிலும் தராசு பயன்படுகிறது. நீரிழப்பை உடல் எடையின் விழுக்காட்டில்தான் மதிப்பிடுகிறார்கள். 10 விழுக்காடு போனால் உயிருக்கு ஆபத்து. ஓரளவு வற்றிய குழந்தைக்குக் கிலோவுக்கு 75 மில்லிலிட்டர் கரைசல், நான்கு மணி நேரத்தில். திரும்பிய எடை என்பது இங்கே திரும்பிய உயிர். ஆனால் தேர்ந்த மருத்துவர் இங்கேயும் தராசை மட்டும் நம்புவதில்லை. குடித்த கரைசல் குடலிலேயே தேங்கியிருந்தாலும் எடை கூடத்தான் செய்யும். கண் குழி நிரம்பியதா, கிள்ளிய தோல் உடனே படிந்ததா, சிறுநீர் கழித்ததா என்று பார்க்கிறார். கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தையானால் இந்த அறிகுறிகளும் ஏமாற்றும். அங்கே எடை வேகமாகக் கூடுவதே எச்சரிக்கை மணி, ஏனெனில் தளர்ந்த இதயத்தால் அந்த நீரைத் தாங்க முடியாது.

இதே உப்பு மல்யுத்தக் களத்துக்குப் போகும்போது அளவு என்னவாகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தேன். தார்த்து ஆய்வின் அளவுப்படி 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 30 கிராம் சிட்ரேட். 10 லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசலில் உள்ள சிட்ரேட் அது. அதிலுள்ள சோடியம் மட்டும் 7 கிராமுக்குக் குறையாது. ஒரு நாளைக்கு 2 கிராமுக்குள் நிறுத்துங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேற்பார்வையோடு நடந்த ஆய்வில் அது ஒரு முறை கொடுக்கப்பட்டது. அதை ஒரு விடுதி அறையில், இரத்த அழுத்தம் எவ்வளவென்று அறியாத 19 வயது மாணவர், ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் செய்வாரானால் அது வேறு கதை.

இடையில் ஒரு சொல் குறித்தும் முணுமுணுக்க வேண்டும். நம் நாளிதழ்கள் நீரிழப்பை 'நீர்ச்சத்துக் குறைபாடு' என்கின்றன. நீரைச் சத்தாக்கிய இந்தத் தொடர் எனக்கு உவப்பானதன்று. சத்துக் குறைந்தால் சத்தேற்ற வேண்டும் என்ற எண்ணத்துக்கு அது வழிவிடுகிறது. மருத்துவமனையில் நரம்பில் எந்தத் திரவம் ஏறினாலும் நாம் 'குளுக்கோஸ் ஏற்றினார்கள்' என்றே சொல்கிறோம். ஏற்றினால் தெம்பு வரும் என்றும் நம்புகிறோம். ஏறுவது பெரும்பாலும் உப்புநீர். இந்த நம்பிக்கையின் மீதுதான், இனிப்பு மிகுந்த பானங்கள் தம் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்னும் எழுத்துகளைச் சுமந்து மருந்துக்கடை அலமாரிகளில் பல ஆண்டுகள் நின்றன. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் நெடுங்காலம் போராடிய பின், 2025 அக்டோபர் 14 அன்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரனுமதியைத் திரும்பப் பெற்றது. சர்க்கரை அளவுக்கு மிஞ்சினால் அது குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். சத்து என்ற சொல் அந்த வேதியியலை மறைத்துவிடுகிறது.

மல்யுத்தத்துக்குத் திரும்புவோம். எடைப் பிரிவு எதற்காக ஏற்பட்டது? ஒத்த உடல்கள் மோத வேண்டும் என்பதற்காக. மைசூரு தசராக் குஸ்திக்கு முன்னால் 'ஜோடி கட்டுவது' என்றொரு நிகழ்ச்சி உண்டு. மல்லர்களை வரவழைத்து, உடற்கட்டும் அனுபவமும் பார்த்து இணை சேர்ப்பார்கள். அதில் பாரபட்சத்துக்கு இடமுண்டு என்பதால் தராசு மேலானது என்று கருதப்படுவது நியாயமே. ஆனால் எல்லோருமே வற்றி ஒரு பிரிவு கீழே இறங்கினால், கடைசியில் அதே ஆட்கள் அதே ஆட்களோடுதான் மோதுகிறார்கள். ஒரே வேறுபாடு, எல்லோருடைய இரத்தமும் கெட்டியாக இருக்கிறது. எவருக்கும் ஆதாயமில்லாத இந்த ஆட்டத்திலிருந்து தனியொருவர் விலகவும் முடியாது. விலகினால் தன்னைவிடப் பெரிய உடலோடு மோத நேரும்.

விதியை மாற்றிச் சரிசெய்ய முயன்றார்கள். 2018-க்கு முன் பன்னாட்டு மல்யுத்தத்தில் போட்டிக்கு முந்தைய நாள் எடை பார்க்கும் வழக்கம் இருந்தது. ஓர் இரவு முழுவதும் நீரை மீட்டுக்கொள்ளலாம். தார்த்து ஆய்வின் 16 மணி நேர மீட்சி அந்தக் காலத்து நடைமுறைக்குப் பொருந்திவரும் அளவு. 2018 முதல் போட்டி நடக்கும் நாளின் காலையிலேயே எடை. பதக்கச் சுற்று மறுநாளுக்கு நீண்டால் மறுநாளும் எடை. நோக்கம் நல்லது: மீட்க நேரம் இல்லையென்றால் வற்றவைக்கமாட்டார்கள் என்று எண்ணினார்கள். என் பார்வையில் நடந்தது வேறு. வற்றவைப்பது நிற்கவில்லை, இரண்டு முறை நடக்கிறது. முதல் நாள் வென்றவர் இரவில் தண்ணீரைக் கண்டு அஞ்ச வேண்டியதாயிற்று. பாரிஸில் அதே அணியின் அமன் சேராவத்தும் அரையிறுதிக்குப் பின் ஓரிரவில் 4.6 கிலோ குறைத்தே வெண்கலம் வென்றார். அப்போது அதைச் சாதனை என்று கொண்டாடினோம். 2025 செப்டம்பரில் ஸாக்ரெபில் நடந்த உலகப் போட்டியில் அவரே 1.7 கிலோ கூடுதலாக இருந்து விலக்கப்பட்டபோது கூட்டமைப்பு அவருக்கு ஓராண்டுத் தடை விதித்தது. பின்னர் அதை விலக்கிக்கொண்டது. ஒரே பழக்கம்தான், எண் விழுந்த பக்கத்தைப் பொறுத்து ஒருமுறை வீரம், மறுமுறை ஒழுங்கீனம்.

அமெரிக்கக் கல்லூரிகள் இதற்கு உயிர்விலை கொடுத்துப் பாடம் கற்றன. 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஐந்து வாரத்துக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் எடை குறைக்கும் முயற்சியில் இறந்தார்கள். சூடேற்றிய அறைகள், காற்றுப் புகாத உடைகள், தண்ணீர் மறுப்பு. அதற்குப் பின் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அந்த அறைகளையும் உடைகளையும் தடைசெய்தது; எடை பார்ப்பதைப் போட்டி நேரத்துக்கு அருகில் கொண்டுவந்தது; பருவத் தொடக்கத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஒரு குறைந்தபட்ச எடையைக் கணித்தது. அந்தக் கணிப்புக்கு முன் சிறுநீரின் ஒப்படர்த்தி பார்க்கப்படும். 1.020-க்கு மேல் இருந்தால் உடல் வற்றியிருக்கிறது என்று பொருள். அன்று கணிப்பு இல்லை. அதாவது தராசுக்கு முன்னால் இன்னொரு கேள்வியை நிறுத்தினார்கள்: ஏறப்போகிற உடலில் நீர் போதுமான அளவு இருக்கிறதா?

நீரையும் உடலையும் தனித்தனியே அளப்பது எட்டாத தொழில்நுட்பம் அன்று; பெங்களூரிலேயே நடக்கிறது. செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் அனுரா குர்பாடும் அவருடைய குழுவினரும் நிலையான ஐசோடோப்புகளைக் கொண்டு உடற்கூறை அளந்துவருகிறார்கள். டியூட்டீரியம் கலந்த சிறிதளவு நீரைக் குடிக்கச் செய்து, சில மணி நேரம் கழித்து உமிழ்நீரில் அது எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று பார்த்தால், உடலின் மொத்த நீரளவு கிடைத்துவிடும். குளத்தின் கொள்ளளவை அறிய ஒரு கைப்பிடிச் சாயத்தைக் கரைத்துப் பார்ப்பது போன்ற முறை. எடையிலிருந்து நீர் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பிறகு கணக்கிடலாம். எடை மட்டும் எவ்வளவு மறைக்கும் என்பதற்குப் புனேயின் யாஜ்னிக் தன் உடலையே காட்டினார். அவரும் லண்டனின் யுட்கினும் உயர-எடைக் குறியீட்டில் ஒன்றேபோல் 22.3, உடற்கொழுப்போ ஒருவருக்கு 21.2 விழுக்காடு, மற்றவருக்கு 9.1. 2004-இல் லான்செட்டில் வந்த அந்த ஒற்றைப் பக்கத்தை ஆய்வுமுறை வகுப்புகளில் முதல் நாளே காட்டலாம்.

ஐசோடோப்பு முறை ஒவ்வொரு போட்டிக்கும் பயன்படாது. செலவும் நேரமும் பிடிக்கும். ஆனால் சிறுநீரின் ஒப்படர்த்தியை அளக்கும் ஒளிவிலகல்மானி கைக்குள் அடங்கும் கருவி. ஒரு துளி போதும். சில நொடியில் எண் தெரியும். அதற்கும் குறை உண்டு. வற்றிய ஒருவர் அவசரமாக நிறையத் தண்ணீர் குடித்தால், உடல் இன்னும் மீளாதபோதே சிறுநீர் நீர்த்துப் போகும். எண் பொய் சொல்லும். ஆயினும் எதையும் கேட்காத தராசைவிட இது மேல்.

இதை மல்யுத்தக் கூட்டமைப்புக்கு எழுதாமல் பல்கலைக்கழக வாசகர்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மல்யுத்தம், குத்துச்சண்டை, ஜூடோ, பளுதூக்குதல் ஆகிய எடைப்பிரிவு விளையாட்டுகளில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள் நம் நிறுவனங்களின் பெயரால், நம் மாணவர்களைக் கொண்டு நடக்கின்றன. 2022 ஏப்ரல், மே மாதங்களில் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் இதே பெங்களூரில் நடந்தன. பதக்கம் வந்தால் வாயிலில் பதாகை கட்டுகிறோம். அந்த மாணவர் முந்தைய இரண்டு நாள் எதைக் குடித்தார், எதைக் குடிக்கவில்லை என்பது எவருடைய பதிவேட்டிலும் இல்லை. மூன்று மாடிக்கு மேலே உடலியங்கியல் துறையும் ஊட்டச்சத்துத் துறையும் இயங்கிக்கொண்டிருக்கும். அவர்களுடைய ஒளிவிலகல்மானி அலமாரியில் இருக்கும்.

மறுப்புகளை அறிவேன். விதி என்றால் விதிதான், தகுதியற்றவர் விலகட்டும் என்பார்கள். வரம்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரம்பு அளக்கும் பொருள் எது என்று கேட்கிறேன். மாணவர்கள் வயது வந்தவர்கள், அவர்கள் விருப்பம் என்பார்கள். பயிற்சியாளரின் தேர்வும், விடுதி இடமும், விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலை வாய்ப்பும் ஒரு கிலோவில் தொங்கும்போது விருப்பம் என்ற சொல்லின் பொருளை மொழியியலாளர்கள் அல்ல, சமூகவியலாளர்கள் விளக்கட்டும். சிட்ரேட் போன்றவற்றை முறையாகக் கொடுத்து மீட்சியை மேம்படுத்தலாமே என்பது மூன்றாவது வாதம். இதுதான் அறிவியல் உடையணிந்து வருவதால் எனக்கு அதிகக் கவலை தருகிறது. மீட்சிக்கான உப்பு எவ்வளவு திறமையானதோ, அவ்வளவு துணிச்சலாக அடுத்த முறை வற்றவைப்பார்கள். தார்த்து ஆய்வு அந்தத் துணிச்சலுக்கு ஆதாரம் தரவில்லை; நீர் திரும்பிய பிறகும் சிட்ரேட் பெற்றவர்களின் தோள்கள் மற்றவர்களைவிடச் சிறப்பாக உழைக்கவில்லை என்றே அது காட்டுகிறது.

எனவே இரண்டு கோரிக்கைகள். ஒன்று, உடற்கல்வி, ஊட்டச்சத்து, மருத்துவம் சார்ந்து தமிழில் எழுதுவோருக்கு: எடை கூடியது, குறைந்தது என்று எழுதுமிடத்தில் எத்தனை மணி நேரத்தில் என்பதைச் சேர்த்து எழுதுங்கள், நீரானால் நீர் என்றே எழுதுங்கள். கலைச்சொல் அகராதிக்காகக் காத்திருக்க வேண்டாம். வற்றுதல், நீர் மீட்சி, இளைத்தல், உடம்பு வைத்தல் ஆகிய நான்கும் ஆய்வேட்டில் எழுதத் தகுந்த சொற்களே. 'உடம்பு வைத்தல்' கொச்சை என்று நெறியாளர் சிவப்பு மையால் கோடிழுத்தால், எந்த இடத்தில் எந்தப் பொருளைக் குறிக்கிறது என்று அடிக்குறிப்பு எழுதிக்கொள்ளலாம். மற்றொன்று, விளையாட்டு வாரியங்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கு: அடுத்த கல்வியாண்டின் தேர்வுப் போட்டியில், எடைப்பிரிவு விளையாட்டுகளுக்கு மட்டுமாவது, தராசு இருக்கும் மேசைக்கு முன்னால் இன்னொரு மேசை போடுங்கள். ஓர் ஒளிவிலகல்மானி, சில குடுவைகள், உடலியங்கியல் துறையிலிருந்து இரண்டு முதுகலை மாணவர்கள். 1.020-ஐத் தாண்டியவர் அன்று தராசில் ஏற வேண்டாம். தண்ணீர் குடித்துவிட்டு மறுநாள் வரட்டும். மாணவிகளுக்குத் தனியிடமும் பெண் பொறுப்பாளரும் வேண்டும். எண்கள் பயிற்சியாளர் கைக்குப் போகாமல் மருத்துவ அலுவலரிடம் இருக்க வேண்டும். ஓராண்டுப் பதிவு சேர்ந்தால், நம் மாணவர்களில் எத்தனை பேர் வற்றிய உடலோடு களமிறங்குகிறார்கள் என்பது தெரியவரும். அதை எழுத முன்வரும் முதுகலை மாணவருக்குத் தமிழ் வரைவைப் படித்துத் திருத்தித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.